செருப்பு எண்ணுன ஊரு

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரி இருந்தா. பேரு ஆவுடை. கால உதறாத, போர்வை நழுவுது பாரு. நீ ம் கொட்டினாதான் கதை நகரும். கொட்டலைன்னா ஆவுடை கரண்டியும் கையுமா அப்படியே நின்னுருவா, பாவம். ம்... அப்படி.

அந்த ஆவுடை அதிரசம் சுட்டா எப்படி இருக்கும் தெரியுமா? மாவ எண்ணெயில போட்டதும் சொர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். ஊரே மூக்கத் தூக்கிக்கிட்டு வரும். ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவுல மெத்துமெத்து. ஆனா அவளுக்கு எண்ணிக்கை பத்து வரைக்கும்தான் தெரியும். கையில இருக்கறது பத்து வெரலு, அதுக்கு மேல எண்ண வெரலுக்கு எங்க போவா? சிரிக்காதடி. நீ ரெண்டாங்கிளாஸு, நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்ப. அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல.

அப்போ அந்த ஊர்ல ஒரு வழக்கம். கல்யாணம்னா ஆளுக்கு ஒரே ஒரு அதிரசம். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. சரி, எத்தன பேரு வந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்? அதுக்குன்னு செவத்தையான்னு ஒரு கணக்கய்யா இருந்தாரு. காதுல எப்பவும் ஒரு பென்சிலு சொருகியிருக்கும். அவரு மண்டபத்து வாசல்ல கெடக்கற செருப்ப எண்ணுவாரு. ஆளுக்கு ரெண்டு செருப்பு, அதப் பாதியாக்கினா எத்தன ஆளுன்னு வந்துடும். கெட்டிக்காரத்தனந்தான், இல்ல? உள்ள இருக்கற ஜனங்க அங்கயும் இங்கயும் ஓடுவாங்க. கழட்டிப்போட்ட செருப்பு ஓடுமா?

அப்புறம் செவத்தையா எண்ணிச் சொல்லுவாரு, அவரு போதும்ங்கற வரைக்கும் ஆவுடை சுடுவா. மொதப் பந்தி ஜோரா நடக்கும். ரெண்டாம் பந்தியும் ஜோரா நடக்கும். கடைசிப் பந்தியில மட்டும் அதிரசம் தீந்துபோயிடும்! ஒரு கல்யாணத்துல இல்லடி, எல்லாக் கல்யாணத்துலயும். இலையில சோறு இருக்கும், கொழம்பு இருக்கும், அதிரசம் வைக்கற மூலை மட்டும் காலியாக் கெடக்கும். ம்? எங்க போச்சுன்னா கேக்கற? ஊரும் அதையேதான் கேட்டுச்சு.

"குட்டிச்சாத்தான் தின்னுருக்கும்"னு சில பேரு சொன்னாங்க. "சாத்தானும் இல்ல பூதமும் இல்ல, ஆவுடைதான் அடுப்படியில உக்காந்து மொக்கியிருப்பா"ன்னு மிச்சப் பேரு சொன்னாங்க.

அப்போ தங்கப்பழம்னு ஒரு பெரிய வீட்டுக்காரரு, அவரு மகளுக்குக் கல்யாணம் வச்சாரு. முகூர்த்தத்தன்னைக்குக் காலையிலேயே ஆவுடையக் கூப்புட்டாரு.

"இந்தா பாரு ஆவுடை, எங்க வீட்டுப் பந்தியில ஒரு இலை காலியா இருந்துச்சுன்னா, நீ கரண்டியக் கீழ வச்சுட்டுப் போயிடணும். அப்புறம் இந்த ஊர்ல உனக்கு அடுப்பே கெடையாது."

"அண்ணாச்சி, ஒரு விள்ளல்கூட நான் வாயில வச்சதில்ல."

"அப்போ எங்க போச்சு? நீயே சொல்லு."

ஆவுடை அடுப்படிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதா. யாரா இருந்தாலும் அழத்தான் செய்வாங்க, செய்யாத தப்புக்குப் பேச்சு கேக்கறது அவ்வளவு சுலபமா? அப்புறம் மூக்கச் சிந்திப்போட்டுட்டு யோசிச்சா. அழுதது போதும்னு இல்ல, அவளுக்கே தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்துடுச்சு. ஆமா, எங்கதான் போகுது?

மொதல்ல அவளுக்கு செவத்தையா மேல சந்தேகம். மனுஷன் எண்ணுறப்போ தப்பா எண்ணியிருந்தா? ஆனா அவரு அறுவத்தி நாலுன்னு சொல்றாரு, இவளுக்குப் பத்துக்கு மேல தெரியாது. என்ன பண்ணுவா? நீ சொல்லேன். ...ம்ஹூம், கால் வெரல் இல்ல. வாசலுக்குப் போனா. உள்ள மேளம் டும்டும்டும்னு கேக்குது. செருப்ப ஜோடி ஜோடியாச் சேத்தா. பத்து வெரலுக்குப் பத்து ஜோடி வந்ததும் அத ஒரு வரிசையா நேரா வச்சா. அப்புறம் கைய மடக்கிட்டு மறுபடி ஒண்ணுலேந்து ஆரம்பிச்சு, அடுத்த பத்துக்கு அடுத்த வரிசை. இப்படியே வச்சுக்கிட்டு வந்தா ஆறு வரிசை நெறஞ்சுது, அதுக்கு மேல நாலு ஜோடி. ஆறு பத்தும் ஒரு நாலும் எவ்வளவு? ...ம், அறுவத்தி நாலு. செவத்தையா சொன்னது சரிதான்.

ஆனா ஒத்தச் செருப்பு ஒண்ணு மிஞ்சுச்சு! தேஞ்ச செருப்பு, தனியாக் கெடக்குது. "அதோட ஜோடிய நாயி தூக்கிட்டுப் போயிருக்கும், ஒத்தை கணக்குல வராது"ன்னாரு செவத்தையா. ஆவுடைக்கு மனசு ஒப்பல. நாயி தூக்கிட்டுப் போனது ஒண்ணுன்னா, இங்க விட்டுட்டுப் போன இந்த ஒண்ணு யாரோடது? மண்டபத்துக்குள்ள எட்டிப் பாத்தா. தூணுக்குப் பக்கத்துல டொக் டொக்குன்னு ஊனுகோல் சத்தம். மாசானம் தாத்தா! அவருக்கு ஒரு காலுதான். ஒரு காலுக்கு ரெண்டு செருப்பு எதுக்கு?

அப்போ ஒத்தச் செருப்பும் ஒரு ஆளு! ஓடிவந்து அந்த நாலு ஜோடிக்குப் பக்கத்துல அத வச்சா. ஆறு வரிசை, மேல அஞ்சு. பக்கத்துல நின்ன செவத்தையாகிட்ட, "ஒரு ஆள விட்டுட்டீங்க கணக்கய்யா"ன்னா. அவரு தொண்டையக் கனைச்சாரு, கக்கும் கக்கும்னு.

இரு, செருப்பத் தொட்ட கையோட அதிரசம் சுட்டாளான்னு நெனைக்காத. சாம்பல் போட்டு மூணு தரம் தேச்சுக் கழுவுனா. உன்ன மாதிரி வெரல் நுனிய நனைச்சுட்டு வரல.

அப்புறம் ரெண்டாவது சந்தேகம். சுட்டது கொறையுதா, இல்ல சுட்டதுக்கப்புறம் எவனாவது எடுக்கறானா? சொர்ர்ர், சொர்ர்ர்னு சுட்டா. பத்து வெந்ததும் செவத்துல கரியால ஒரு கோடு. மறுபடி பத்து, மறுபடி ஒரு கோடு. ஆறு கோடு விழுந்துச்சு, அப்புறம் அஞ்சு சுட்டுக் கூடையில போட்டா. கூடைக்கு முன்னாடி கரண்டியத் தூக்கிக்கிட்டு காவல் நின்னா. ஒரு பூனை வந்து மியாவ்னுச்சு, மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. சாத்தானும் வரல, பூதமும் வரல. கூடையக் கவுத்துத் திரும்ப எண்ணுனா. ஆறு பத்து, அஞ்சு. ஒண்ணுகூடக் கொறையல.

ம்... பாரேன், செருப்பும் சரி, அதிரசமும் சரி. ஒரு ஆளுதான் விட்டுப்போயிருக்கு. ஆனா ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒரு இலையா காலியா இருந்துச்சு? ஒரு பந்தியே காலியா இருந்துச்சே! ஆவுடைக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. யோசிச்சுக்கிட்டே அடுப்புகிட்ட நடந்தா. அப்போ கீழ கெடந்த ஒரு நெருப்புத் துண்டு மேல கால வச்சுட்டா. சுர்ர்ர்! "ஆத்தாடீ!"ன்னு ஒத்தக் கால்ல குதிச்சு, கால மடக்கி அடிப்பாதத்தப் பாத்தா.

பாத்தவ, பாத்தபடியே நின்னுட்டா.

வெறுங்காலு. அவ பொறந்ததுலேந்து செருப்பே போட்டதில்ல. "அப்போ வாசல்ல என் செருப்பு எங்க?"ன்னு தன்னையே கேட்டா. "செருப்பு இல்லைன்னா நான் ஆளு இல்லையா?"

கெளம்புனா பாரு, கரண்டியக்கூடக் கீழ வைக்கல. உள்ள தாலி கட்டி முடிஞ்சு எல்லாரும் பந்திக்கு எந்திரிக்கற நேரம். நடு மண்டபத்துல போய் நின்னு கரண்டியால தூண்ல தட்டுனா, டங் டங் டங்!

"செருப்பு போட்டு வந்தவங்க எல்லாம் வாசலுக்குப் போய், அவங்கவங்க செருப்பு மேல ஏறி நில்லுங்க!"

"என்ன ஆவுடை, புத்தி கெட்டுப்போச்சா?"ன்னாரு தங்கப்பழம்.

"நின்னு பாருங்க அண்ணாச்சி. அப்புறமும் ஒரு இலை காலியா இருந்தா, நானே கரண்டிய வச்சுட்டுப் போயிடறேன்."

சரி, இவ்வளவு சொல்றாளேன்னு எல்லாரும் போனாங்க. தப் தப் தப்புன்னு ஒரே சத்தம். "ஏய் அது என் செருப்பு", "நகருங்க மாமா". அப்புறம் அடங்குச்சு. செருப்புதான் ஏற்கெனவே பத்துப் பத்தா இருக்கே, ஆளுங்களும் பத்துப் பத்தா வரிசையா நின்னாங்க. ஆறு முழு வரிசை. ஏழாவது வரிசையில அஞ்சே பேரு. அஞ்சாவதா மாசானம் தாத்தா, ஒத்தச் செருப்பு மேல நிமுந்து நிக்கறாரு. ஒரு ஆள் கூடவும் இல்ல, ஒரு ஆள் கொறையவும் இல்ல.

அப்போ தங்கப்பழம் திரும்பி மண்டபத்துக்குள்ள பாத்தாரு. அங்க இன்னும் ஆளுங்க நிக்கறாங்க! மேளம் அடிச்சவரு, பூக்கட்டுன பொண்ணு, தண்ணி தூக்குனவங்க, பாத்திரம் கழுவ வந்தவங்க, அவங்க பிள்ளைங்க. எல்லாரும் வெறுங்காலு. எங்க போறதுன்னு தெரியாம நடுவுல ஒண்ணா ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. அவங்கதான் எப்பவும் கடைசிப் பந்தி.

அந்தக் கூட்டத்துல ஒரு வயசான அம்மா, முதுகு கூனிப்போய், தங்கப்பழத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. யாரு தெரியுமா? ...ம். தங்கப்பழத்தோட அம்மா. செருப்பு போட்டுப் பழக்கமே இல்லாத மனுஷி. எல்லாரையும் சாப்புட வச்சுட்டு, கடைசியாத்தான் உக்காருவாங்க.

தங்கப்பழம் நின்ன எடத்துலேந்தே கேட்டாரு. "அம்மா... உனக்கும் கெடைக்கலையா? இத்தன கல்யாணத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அந்த அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "கணக்கு சரியா இருக்குன்னு செவத்தையா ஒவ்வொரு தடவையும் சொன்னாரேப்பா. அப்போ நான்தான் கூடுதலு போலன்னு இருந்துட்டேன்."

செவத்தையா காதுலேந்து பென்சில எடுத்து மடியில ஒளிச்சுக்கிட்டாரு. தங்கப்பழத்துக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு, செருப்ப விட்டு எறங்கி அம்மாகிட்ட ஓடப்போனாரு.

"அண்ணாச்சி, எறங்காதீங்க!"ன்னு கத்துனா ஆவுடை. "கணக்கு கெட்டுரும்!"

பெரிய வீட்டுக்காரரு, அழுதுக்கிட்டே, செருப்பு மேலயே அசையாம நின்னாரு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஆவுடை வெறுங்கால் ஜனங்கள ஒவ்வொருத்தராத் தொட்டு வரிசையில நிறுத்துனா. ஏழாவது வரிசையில அஞ்சு பேருக்கு எடம் இருந்துச்சுல்ல? அங்க அஞ்சு பேரு போய் நின்னாங்க, அந்த வரிசையும் பத்தாயிடுச்சு. அப்புறம் எட்டாவது வரிசைக்குப் பத்து பேரு. கடைசியில மூணு பேரு மிச்சம். மேளக்காரரு, தங்கப்பழத்தோட அம்மா, அப்புறம் ஆவுடை. எட்டு வரிசை, மூணு ஆளு. எவ்வளவுன்னு சொல்லு. ...எண்பத்தி மூணு. ஆகா! பாதித் தூக்கத்துலயும் சரியாச் சொல்ற.

ஆறு கோடும் அஞ்சும் ஏற்கெனவே சுட்டாச்சு. சொர்ர்ர்னு இன்னும் அஞ்சு சுட்டு ஏழாவது கோடு போட்டா. பத்து சுட்டு எட்டாவது கோடு. அப்புறம் மூணு. அன்னைக்கு மொதப் பந்தியில வெறுங்கால் ஜனங்க உக்காந்தாங்க. பரிமாறுனது யாரு? தங்கப்பழமும் செவத்தையாவும். ஆவுடையையும் கையப் பிடிச்சு உக்கார வச்சாங்க. ஊரே பாத்துக்கிட்டு நிக்க, அவ தன் அதிரசத்த ஓரத்துலேந்து கொஞ்சங்கொஞ்சமா, கர்ரக் கர்ரக்குன்னு கடிச்சுத் தின்னா. பக்கத்து இலையில அந்த அம்மா. அவங்களுக்குப் பல்லு இல்ல. மகன் குனிஞ்சு அதிரசத்தப் பிட்டுப் பிட்டு, பால்ல நனைச்சு வாயில வச்சாரு. "போதும்ப்பா"ன்னாங்க. "முழுசும் ஒன்னோடதும்மா, தின்னு"ன்னாரு.

ம்...? ம் காணோமே. சரி சரி. அதிரசம் ஆறிப்போச்சு, அடுப்பும் அணஞ்சுபோச்சு, என் கதையும் தீந்துபோச்சு. கண்ண மூடித் தூங்கு.