நான்கு நிமிடப் படம்

வைகுந்தன் அறுபத்தொரு வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஹாஜிரா. பழவேற்காட்டில் பிறந்து, அந்த ஏரியையும் அதில் வந்திறங்கும் பறவைகளையும் படமெடுத்தே பேர் வாங்கியவர்.

வைகுந்தன் சென்னையில் மயக்க மருந்து டாக்டராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாஜிராவின் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு மறுநாளே பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். வீட்டைக் கண்டுபிடித்துப் போய், எனக்குச் சொல்லிக்கொடுங்கள், இனி நீங்கள்தான் என் டீச்சர் என்றார். ஹாஜிரா சிரித்தார். முடியாது என்று சொல்லவில்லை.

ஏழு மாதம் வாரம் தவறாமல் வந்தார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில், முகத்துவாரத்துக்குப் பக்கமாக நின்று, மேற்கே ஏரிக்குள் இறங்கும் சூரியனைப் படமெடுத்தார். ஹாஜிரா ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுப்பார்.

"என்ன டீச்சர் குறையுது?"

"இன்னும் எடுங்க, டாக்டர்."

வேறு பதில் வந்ததே இல்லை. கடைசியில் குறை கருவியில்தான் என்று வைகுந்தன் முடிவு கட்டினார். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, புது வைட் ஆங்கிள் லென்ஸும் ஒரு பெட்டி நிறைய ஃபில்டர்களுமாக வந்து இறங்கினார்.

ஃபில்டர்களில் ஒன்று கிட்டத்தட்டக் கறுப்பு. ஹாஜிரா அதை வாங்கி அதன் வழியாக ஏரியைப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்றார்.

அதுதான் விஷயமே என்றார் வைகுந்தன். புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். வெளிச்சத்தை இது அவ்வளவு குறைத்துவிடும், அதனால் கேமராவின் கண்ணை நாலு நிமிடம்கூடத் திறந்து வைத்திருக்கலாம். அத்தனை நேரத்தில் அசைகிற எதுவும் படத்தில் நிற்காது. அலை, படகு, ஆள், எல்லாம் கரைந்துபோகும். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். இந்த லென்ஸில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கோடி வரை மொத்த ஏரியும் விழும். அவர் சொல்லிக்கொண்டே போனார். ஹாஜிரா கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வானம் அவர் கேட்டபடி அமைந்தது. மேகம் மெல்லிசாகப் பரவி, ஓரம் மட்டும் சிவந்திருந்தது. ஏரியில் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை ஆளுக்கொன்றாகப் பல்லில் கடித்திருந்தார்கள். பொழுது சாய, ஒவ்வொருத்தராகக் கரையேறினார்கள். அவர்களில் தேசம்மா என்பவள் மட்டும் தனியாக, முகத்துவாரத்தை ஒட்டித் தள்ளி, இன்னும் தண்ணீரிலேயே நின்றாள்.

வைகுந்தன் ட்ரைபாடை மணலில் ஊன்றினார். கறுப்பு ஃபில்டரைப் பொருத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கேமராவின் திரை இருண்டது. கையிலிருந்த போனில் நாலு நிமிடம் குறைய ஆரம்பித்தது.

முதுகுக்குப் பின்னால் கடல் இரைந்தது. காற்றும் இருந்தது. ட்ரைபாட் ஆடிவிடக் கூடாதே என்று வைகுந்தன் காற்றுக்குக் குறுக்கே தன் உடம்பை நிறுத்தி, குனிந்து, போனையே பார்த்தபடி நின்றார்.

ஒன்றரை நிமிடம் போயிருக்கும்.

"டாக்டர், வாங்க," என்றார் ஹாஜிரா.

வழக்கமாக நாரையையோ பூநாரையையோ காட்டத்தான் அப்படிக் கூப்பிடுவார். வைகுந்தன் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம், டீச்சர்."

மணலில் ஓடும் சத்தம் கேட்டது. அதையும் அவர் கேட்டார்.

போன் ஒலித்தது. வைகுந்தன் பொத்தானை மறுபடி அழுத்தினார். திரை வெளிச்சமாகி, படம் வந்தது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. தண்ணீர் உறையூற்றிய பால்போல் அசையாமல் கிடந்தது. அதன்மேல் செம்பு நிறத்தில் ஒரே ஒரு பாதை, கரையிலிருந்து சூரியன் வரை. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

நூறு அடி தள்ளி, கழுத்தளவுத் தண்ணீரில், ஹாஜிரா எதையோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வைகுந்தன் எப்படி ஓடினார், எப்படி இறங்கினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. தேசம்மாவின் கையை அவர் பிடித்தபோது அது கல்மாதிரி கனத்தது. கடலுக்கு வடிகிற தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி இழுத்ததில் கால் பள்ளத்துக்குள் போயிருக்கிறது. பறி இன்னும் பல்லுக்கிடையில் இருந்தது. அதை விடுவிக்கவே ஒரு கணம் பிடித்தது.

மூச்சு இல்லை.

அதன் பிறகு அவர் கைகள்தான் வேலை செய்தன. தலையைச் சாய்த்து, வாயில் வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி, மறுபடி ஊதி, மறுபடி அழுத்தி. கரையேறிய பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். யாரோ தேசம்மாவின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை அழுத்தி முடித்தபோது தேசம்மா நுரையும் தண்ணீருமாகக் கக்கினாள். இருமினாள். முனகினாள்.

பெண்கள் வைகுந்தனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தேசம்மாவின் புருஷன் ஓடிவந்து, சாமி மாதிரி வந்து நின்னீங்களே என்று அழுதான். வைகுந்தன் ஹாஜிராவைப் பார்த்தார். அவர் இப்போது வாயைத் திறப்பார் என்று எதிர்பார்த்தார், பயந்தார். ஹாஜிரா சற்றுத் தள்ளி நின்று துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் தேசம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. நான்காம் நாள் அவள் வீடு திரும்பினாள், பேச்சும் நினைவும் பழுதில்லாமல்.

அன்று காலையே வைகுந்தன் ஹாஜிராவின் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நாலு நாளாகத் தூக்கமில்லாத முகம். ஹாஜிரா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது ஆறும்வரை அவர் தொடவில்லை.

பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். காற்றில்லாமல் மூளை எத்தனை நிமிடம் தாங்கும் என்று முப்பது வருடம் சின்ன டாக்டர்களுக்குப் பாடம் சொன்னவர் தான் என்றார். எந்த நிமிடத்தில் என்ன செத்துப்போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாராம். நீங்கள் கூப்பிட்டபோதே வந்திருந்தால் இரண்டு பேராக இழுத்திருக்கலாம், பாதி நேரத்தில் கரை சேர்த்திருக்கலாம் என்றார். மணி அடித்த பிறகும் முதலில் படத்தைத்தான் பார்த்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஊர்ல ஏன் டீச்சர் சொல்லல?"

"எதை?"

"நீங்க கூப்பிட்டதை."

"நான் கூப்பிட்டது உங்களைத்தானே, டாக்டர். ஊரை இல்லையே."

வைகுந்தன் பையிலிருந்து கேமராவை எடுத்தார். அந்த மாலைக்குப் பிறகு அதை அவர் திறக்கவே இல்லை. இப்போது திறந்து, படத்தை வரவழைத்து, ஹாஜிராவிடம் நீட்டினார்.

ஹாஜிரா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

வைகுந்தன் அறை வாங்கியவர் மாதிரி நிமிர்ந்தார். கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கி, படத்தைப் பெரிதாக்கினார். முகத்துவாரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார். கரையிலிருந்து அது வரைக்கும் விரல் விரலாக நகர்த்தித் தேடினார். ஒரு தலை இல்லை. ஒரு கை இல்லை. தண்ணீர் கலங்கியதற்கான சிறு கீறல்கூட இல்லை. பால். செம்புப் பாதை. அமைதி.

நாலு நாளாக அவர் பயந்துகொண்டிருந்தது படத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்றுதான். ஒன்றுமே தெரியாமல் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"ரெண்டரை நிமிஷம் இதுக்குள்ளதான் ஒரு உசிரு போராடியிருக்கு," என்றார். "நீங்க நீந்தியிருக்கீங்க. ஆனா தேசம்மாவும் இல்ல, நீங்களும் இல்ல. ரெண்டு பேரும் இதுல இல்ல, டீச்சர்."

ஹாஜிரா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டார், சூடு பண்ணிக் கொண்டுவர.

"சரியா எண்ணுங்க, டாக்டர்," என்றார். "இதுல இல்லாதது மூணு பேர்."