ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நாடு

ஜவ்வாது மலையில் தையல்நாயகி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. அதையொட்டி ஒரு சிறிய மருத்துவமனை. போன மழைக்காலத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த பாம்புக்கடி மருந்து கெட்டுப்போனது. கடிபட்டு வந்த பெண்ணைத் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கினார்கள். உயிர் பிழைத்தாள். ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

சோலார் போட்டுவிடலாம் என்றார் அம்மா. பேனலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சீடர் அறவாழியிடம் விட்டார். அறவாழி அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆசிரமத்துக்கு வருமுன் பேனல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் மலையில் இருந்த நான்கு பள்ளிக்கூடங்களும் வாங்குவதாக இருந்தன.

இரண்டு கம்பெனிகள் மாதிரிக்கு ஒவ்வொரு பேனல் அனுப்பின. ஒன்றின் பின்பக்கம் 'முழுக்க இந்தியத் தயாரிப்பு' என்று ஸ்டிக்கர். மற்றதோடு ஒரு தாள் வந்தது: மின்சாரம் தரும் செல் வெளிநாடு, கண்ணாடி குஜராத், ஃபிரேம் கோயம்புத்தூர்.

அறவாழி இரண்டையும் மொட்டை மாடியில் வைத்துப் பத்து நாள் அளந்தார். பதினோராம் நாள் அறிக்கையோடு அம்மாவிடம் வந்தார்.

"ரெண்டும் ஒரே அளவுதான் கரண்ட் தருது, அம்மா. ஆனா முதல் பேனல்ல ஸ்டிக்கருக்கு அடியில இன்னொரு ஸ்டிக்கர் இருக்கு. அதுல வேற நாட்டுப் பேரு."

"எதை வாங்கலாம்னு எழுதியிருக்கீங்க?"

"முதல் பேனலைத்தான். அது உடனே கிடைக்கும். இன்னொண்ணு வர ரெண்டு மாசம் ஆகும், மழை வந்துடும். ஸ்டிக்கர் விஷயத்தை எழுதல. வெயிலுக்கு ஊர்பேர் தெரியுமா என்ன?"

"தெரியாதுதான்" என்றார் அம்மா. "அடியில ஒண்ணு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"துணியை வெந்நீர்ல நனைச்சு மேல போட்டேன். பத்து நிமிஷத்துல பசை விட்டுடுச்சு."

"அப்படிப் போட்டுப் பார்க்கணும்னு ஏன் தோணுச்சு?"

அறவாழி அறிக்கையை அம்மாவிடம் நீட்டினார். கீழே மருத்துவமனை வாசலில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"பழைய கம்பெனியில ஏழு வருஷம் நானே இப்படி ஒட்டியிருக்கேன், அம்மா" என்றார். "நல்ல பேனல்தானே, யாருக்கு என்ன கெடுதல்னு நினைச்சுக்குவேன். ஒரு தடவை வந்த லோடு மோசம். அன்னிக்கும் அதே ஸ்டிக்கரைத்தான் ஒட்டினேன். ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில அது பத்திக்கிச்சு. எங்க செஞ்சது, வேற எங்கெல்லாம் போயிருக்குன்னு தேடினாங்க. கண்டுபிடிக்கவே முடியல."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஞாயித்துக்கிழமை. யாரும் இல்ல."

அம்மா அறிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்டிக்கரையும் எழுதுங்க, நீங்க ஒட்டினதையும் எழுதுங்க."

"எழுதினா என் அறிக்கையை யாரு நம்புவாங்க, அம்மா?"

"அதைப் பள்ளிக்கூடத்துக்காரங்க முடிவு பண்ணட்டும். இத்தனை நாள் அவங்களுக்கும் சேர்த்து நீங்கதான் முடிவு பண்ணிட்டிருந்தீங்க."