ஆறாவது இடத்தில் சேற்றான்

அந்தக் காலத்தில், கைபேசித் திரைக்குப் பின்னால் இருக்கும் நாட்டில் மிருகங்கள் பேசிக்கொண்டிருந்தன. அந்த நாட்டின் வானம் கண்ணாடியால் ஆனது. கண்ணாடிக்கு அப்பால் பிள்ளைகளின் முகங்கள் நிலாக்களைப் போல வந்து நிற்கும். ஒரு பெருவிரல் மேகம்போல இறங்கி ஒரு மிருகத்தின் தலையைத் தொட்டால், அது களத்துக்குப் போய் மோத வேண்டும்.

மோதுவதற்கு முறை இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு மிருகங்கள். களத்தில் ஒன்றுக்கு எதிராக ஒன்றுதான் நிற்கும். நீ ஒன்று செய்தால், அடுத்து நான் ஒன்று செய்வேன். அடிக்கலாம், தடுக்கலாம், பின்வாங்கி வேறொரு மிருகத்தை உள்ளே அனுப்பலாம். பின்வாங்கினால் அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

இன்னொன்றும் உண்டு. எந்த விரலும் தொடாத மிருகத்துக்கு நாளுக்கு நாள் நிறம் மங்கும். கடைசி நிறமும் போய்விட்டால் அது வெண்மைக்குள் கலந்துவிடும். கலந்தவை திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் காலையில் அந்த நாட்டுக்குப் புதிதாக ஒருவன் வந்தான். முழங்கால் உயரமுள்ள பல்லி.

"என் பெயர் மலைவிழுங்கி" என்றான்.

"முதல்ல ஒரு கூழாங்கல்லை விழுங்கிக் காட்டு!" என்று பாறையாமை சிரித்தது.

அன்று மாலையே களத்தில் பாறையாமை அவனுக்கு எதிரே நின்றது. மலைவிழுங்கி அடிக்கவில்லை. தன் மார்பில் அறைந்துகொண்டு ஒரு முறை கர்ஜித்தான். பனைமர உயரத்துக்கு வளர்ந்தான். பாறையாமை பயந்து ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. அவன் மீண்டும் கர்ஜித்தான். கோபுர உயரம். மூன்றாவது கர்ஜனையில் அவன் தலை கண்ணாடி வானத்தை உரசியது. பிறகுதான் காலைத் தூக்கினான். ஒரே மிதி.

அதன் பிறகு எல்லாச் சண்டையும் அப்படியே முடிந்தது. பயந்து பின்வாங்கினால் அவனுக்கு ஒரு கர்ஜனை லாபம். தடுத்தால் இன்னொரு கர்ஜனை லாபம். கொஞ்ச நாளில் பிள்ளைகள் வேறு யாரையும் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். தொட்ட விரலுக்கெல்லாம் ஒருவனாக அவன் பெருகியதால் இரு பக்கமும் மலைவிழுங்கிகள்தான். முதலில் கர்ஜித்தவன் வென்றான். நீலத் தேளும் பச்சை ஆந்தையும் சாம்பல் நிறமாயின. ஒரு நாள் அவை நின்ற இடத்தில் வெறும் வெண்மை இருந்தது.

தணல்குருவி தப்பியிருந்தாள். ரெஜினா என்ற ஒரு சிறுமி மட்டும் பழைய பாசத்தில் அவளை ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்தாளே தவிர, களத்துக்கு அனுப்பவில்லை. குருவியின் இரண்டு இறக்கைகளும் வெளுத்துவிட்டன. மார்பிலும் வாலிலும் மட்டும் சிவப்பு மிச்சம்.

அவள் பறக்க முடியாமல் தத்தித் தத்தி நாட்டின் ஓரத்திலிருந்த குட்டைக்கு வந்தாள். அங்கே சேற்றான் படுத்திருந்தான். எருமையைப் போன்ற உடம்பு, குட்டைக் கொம்பு, பாதி மூடிய கண். அவனை எந்த விரலும் ஒருநாளும் தொட்டதில்லை.

"அண்ணே, நீங்க எப்படி இன்னும் வெளுக்காம இருக்கீங்க?"

"நிறம் போனா சேத்துல புரளுவேன். வந்துரும். நீயும் புரளேன்."

"நான் நெருப்பு, அண்ணே. அணைஞ்சு போயிருவேன்."

"அதுவும் சரிதான்" என்று சேற்றான் அசைபோட்டான்.

அப்போது களத்திலிருந்து ஒரு கர்ஜனை. தரை நடுங்கியது. குட்டை நீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. குருவி தலையை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"யாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு?" என்றான் சேற்றான்.

"மலைவிழுங்கி, அண்ணே! வானம் முட்ட நிக்கிறானே, தெரியலையா?"

"அந்தப் பல்லியா? என் முழங்கால் உயரம் இருப்பான். வந்த அன்னிக்கே பார்த்துட்டேனே."

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா?"

"பார்த்ததையே எதுக்குத் திரும்பப் பார்க்கணும்?"

குருவி அசையாமல் நின்றாள். அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. பார்க்கிறவர் கண்ணில் எவ்வளவு வளர்கிறானோ, மலைவிழுங்கியின் அடியும் அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். பயனில்லை. ஒரு முறை பார்த்துவிட்டவள் அவள். இமைக்கு உள்ளேயும் அவன் மலையாக நின்றான்.

மறுநாள் ரெஜினாவுக்குப் பெரிய போட்டி. கண்ணாடிக்கு அப்பால் எண்ண முடியாத முகங்கள். வானமே நிலாக்களால் நிறைந்திருந்தது. ரெஜினாவின் மற்ற ஐந்து மிருகங்களும் மிதிபட்டு விழுந்துவிட்டன. எதிரே மலைவிழுங்கி மட்டும் நின்றான். பெருவிரல் ஆறாவது இடத்தைத் தேடி இறங்கியது. தன்னிடம் மிச்சமிருந்த நிறம் இன்னொரு நாள் தாங்காது என்று தணல்குருவிக்குத் தெரியும்.

விரல் தொடும் நேரத்தில் அவள் இடத்தைவிட்டு விலகினாள். காலையிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்திருந்த சேற்றானை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டாள். விரல் சேற்றின்மேல் பதிந்தது.

மலைவிழுங்கி கர்ஜித்தான். பனைமர உயரம். சேற்றான் அசைபோட்டான்.

மலைவிழுங்கி கர்ஜித்தான். கோபுர உயரம். சேற்றான் வாலால் ஓர் ஈயை விரட்டினான்.

மூன்றாவது கர்ஜனையில் வெளிச்சம் மறைந்தது. களம் முழுவதும் அவனது நிழல். வரிசைக்கு வெளியே நின்ற குருவியின் மார்பு வெளுத்தது. வால் நுனியில் ஒரே ஒரு பொறி மிச்சம்.

சேற்றான் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு அடுத்த கவளத்தை மேலே கொண்டுவந்தான்.

மலைவிழுங்கி காலைத் தூக்கி மிதித்தான். மலை உயரத்திலிருந்து இறங்கிய அந்தக் கால், சேற்றானின் முதுகில் ஒரு பல்லியின் காலாகத்தான் வந்து பட்டது.

"யாருப்பா அது, மேல ஏறுறது?" என்றான் சேற்றான்.

"டேய், மேலே பாருடா!" மலைவிழுங்கியின் குரல் கண்ணாடியை அதிரவைத்தது.

"கழுத்து வலிக்கும். பேசணும்னா நீ குனி."

யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. மலைவிழுங்கி குனிந்தான். மலை வளைவதைப்போல வளைந்து, தன் பெரிய முகத்தைச் சேற்றானின் முகத்தருகே கொண்டுவந்தான். சேற்றானின் பாதி மூடிய கண்ணுக்குள் பார்த்தான்.

அங்கே ஒரு பல்லி இருந்தது. முழங்கால் உயரம்.

மலைவிழுங்கி வாயைத் திறந்தான். கர்ஜனை வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்தது. கோபுரம் பனையானது. பனை புதரானது. கடைசியில் களத்தின் நடுவே ஒரு பல்லி தன் கால்களைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது.

"குட்டைக்கு நேரமாச்சு" என்று சேற்றான் கொம்பால் அதை மெதுவாகத் தள்ளிவிட்டான். அது உருண்டு களத்துக்கு வெளியே விழுந்தது.

பிறகு ரெஜினாவின் விரல் இறங்கியது. வரிசைக்கு வெளியே, கடைசிப் பொறியும் அணையப்போன அந்த வெள்ளைக் குருவியைத் தேடித் தொட்டது. மார்பில் சிவப்பு ஏறியது. இறக்கைகளில் ஏறியது. நுனிகளுக்கு மட்டும் எட்டவில்லை. ரெஜினாவைத் தொடர்ந்து வானமெங்கும் விரல்கள் இறங்கின. மறந்துபோன மிருகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டன.

சேற்றான் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவன் குட்டைக்குப் போய்விட்டான்.

தணல்குருவியின் இறக்கை நுனிகள் இன்றும் வெள்ளையாகவே இருக்கின்றன. அணி சேர்க்கும் பிள்ளைகள் ஐந்து இடங்களை நெருப்பாலும் இடியாலும் நிரப்பிவிட்டு, ஆறாவது இடத்துக்கு வந்ததும் பெருவிரலை அந்தரத்தில் நிறுத்தி, ஓரத்தில் எதையும் பாராமல் அசைபோட்டுக்கொண்டிருப்பவனைத் தேடுவதும் அன்று முதல்தான்.