ராஜாவை வலம் வந்த வண்டிகள்

“ஒரு வண்டி நின்றாலும்?”

“ஒரே ஒரு வண்டி நின்றாலும் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். பொழுது சாயும்வரை எதுவும் நிற்கக் கூடாது, முட்டக் கூடாது. காவலர் கையசைக்கவும் கூடாது.”

கேட்டவன் அரண்மனை விகடகவி கொன்றையன். சொன்னவர் ராஜா. இந்த நிபந்தனைகளை ராஜாவின் காதில் ஓதிவிட்டு மீசைக்குள் சிரித்தவர் தளவாய் வீரபாகு. முன்னொரு காலத்தில், பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில் நடந்த பேச்சு இது.

அரண்மனைக்கு எதிரே நான்கு சாலைகள் கூடுமிடத்தில், யார் முதலில் போவது என்று சந்தை வண்டிகள் தினமும் முட்டிக்கொண்டன. முந்தின நாள் ராஜாவின் விருந்து வண்டியே கவிழ்ந்து தெருவெல்லாம் பாயசம் ஓடியது. அந்தக் கோபத்தில்தான் சந்தியைச் சீராக்கும் வேலையை ராஜா கொன்றையன் தலையில் கட்டினார்.

“உத்தரவு, மகாராஜா. நாளைக்குத் தங்கள் சிம்மாசனத்தை மட்டும் இரவல் தாருங்கள். அதில் அமரத் தாங்களும் வேண்டும்” என்றான் கொன்றையன்.

விடிந்ததும் சந்தியின் நட்டநடுவே கல்மேடை, மேடைமேல் சிம்மாசனம், வெண்குடையின் கீழ் ராஜா.

முதலில் ஒரு வைக்கோல் வண்டி வந்தது. “ஆத்தாடி, ராஜா!” என்றான் வண்டிக்காரன். மாடுகளை இடப்புறம் ஒடித்து, ராஜாவை வலக்கைப் பக்கம் வைத்துப் பயபக்தியோடு சுற்றித் தன் சாலையில் இறங்கினான். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வலம் வருகிறவர்களின் குறுக்கே யார் போவார்கள்? புதிதாக வந்த வண்டிகள் வேகம் குறைத்து, இடம் பார்த்து நுழைந்தன. வெயில் ஏறியபோது, ஒரு குட்டிச் சூரியனைச் சுற்றும் கிரகங்கள்போல எல்லாம் நிதானமாகச் சுழன்றன.

திடீரென்று ஒரு வண்டி எதிர்ப்பக்கமாகப் புகுந்தது.

“அடேய், ராஜாவை அப்பிரதட்சிணமாச் சுத்துறியே, நீ வெளங்குவியா?” என்று கத்தினாள் பானைக்காரி.

வண்டிக்காரன் அவசரமாக மாடுகளைத் திருப்பினான். “தளவாய் ஐயாதான் இப்படிப் போகச் சொன்னாரு, தாயி!”

வீரபாகு குனிந்து தன் செருப்பை ஆராய்ந்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வண்டிகளுக்கு மேலாக வீசினார். ஓரத்தில் நின்ற கொன்றையன் அதைத் தாவிப் பிடித்தான்.

உச்சிப்பொழுது வந்தது. சமையற்காரர் சோற்றுப் பாத்திரமும் பாயசச் செம்புமாகச் சாலையோரம் வந்து நின்றார். ஒரு காலை வைப்பார், எடுப்பார். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பாயச மணம் மட்டும் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ராஜா எழுந்தார், எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“கொன்றையா…” அவர் குரல் இறங்கியிருந்தது. “ஒரே ஒரு வண்டியை, ஒரு நொடி மட்டும், நிறுத்தச் சொல்லேனப்பா?”