வேல்மாறனுக்கு ஓர் எச்சரிக்கை

வெண்ணிக்காட்டில் முட்டாள்களே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், கருங்கோட்டை ரசிகர் குழுவின் மூன்று அட்மின்களிடம் போய் நிற்போம். சரி, நின்று பார்ப்போமே, நமக்கென்ன அவசரம்.

‘கருங்கோட்டை’ என்பது டிவியில் ஓடிய ராஜா ராணித் தொடர். வேல்மாறன் என்கிற இளவரசன் எதிரியைத் தேடிக் குதிரையில் கிளம்புகிற கட்டத்தில், டிவிக்காரர்கள் தொடரையே நிறுத்திவிட்டார்கள். போனவன் என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை. வெண்ணிக்காட்டு ரசிகர்களுக்குச் சோறு இறங்கவில்லை. டிவிக்காரன் சொல்லாவிட்டால் போகிறான், மீதியை நாமே எழுதிக்கொள்வோம் என்று வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். எழுத ஆள் இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அதிலே ரொம்ப நொந்துபோனவள் செங்கமலம். கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் எழுதிய கதை எதையும் இதுவரை ஒருத்தர்கூடக் கடைசிவரை படித்ததில்லை. கதையை அனுப்பிவிட்டு அவள் போனைக் கீழே வைப்பதற்குள் ‘அருமை’ என்று பதில் வந்துவிடும். எந்த இடம் அருமை என்று கேட்டால் எல்லா இடமும் என்பார்கள். வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினால், குதிரை லாயத்தை விட்டு வெளியே வருவதற்குள் அவர் குறட்டை விட்டுவிடுவார்.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. ஆற்றங்கரையில் வேல்மாறன் மார்பில் அம்பு பாய்ந்து சாவதாக ஒரு கதை எழுதியிருந்தாள். எழுதும்போதே அழுது, பக்கத்தில் கிடந்த யாரோ ஒருத்தியின் பட்டு ஜாக்கெட் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு கதையையாவது ஒரே ஒரு ஆள் கடைசி வரிவரை படித்துவிட வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் குழுவுக்கு விதிமுறைகள் வந்து சேர்ந்தன.

கொண்டு வந்தவர் வசுமதி டீச்சர், அட்மின்களில் ஒருவர். யாரோ எழுதிய கதையில் வேல்மாறன் காலில் முள் குத்தியதைப் படித்துவிட்டு, அந்தத் துக்கத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. இப்படியே விட்டால் குடும்பங்கள் கெட்டுவிடும் என்று, சென்னையில் ஒரு பெரிய ரசிகர் குழுவில் இருக்கும் அக்கா மகளிடம் சொல்லி, அவர்களுடைய விதிமுறைகளை வாங்கிவிட்டார். முதல் விதி, கதையில் சாவோ ரத்தமோ இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும் என்றது.

தலைமை அட்மின் சவுந்தரராசுவின் பேட்டரிக் கடையில் கூட்டம் கூடியது. செங்கமலம் கதையோடு போயிருந்தாள்.

“எச்சரிக்கை தரணும்னு போட்டிருக்கு. யாருக்குன்னு போடலியே,” என்றார் சவுந்தரராசு.

“படிக்கிறவங்களுக்கா இருக்குமோ, அண்ணே?” என்றாள் செங்கமலம்.

“படிக்கிறவனுக்கு என்னம்மா ஆபத்து? அவன் பாட்டுக்கு ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிக்கிறான். அம்பு யாரு மேல பாயுது?”

“வேல்மாறன் மேல.”

மூன்றாவது அட்மின் கலியபெருமாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் ஆதலால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார். “கரண்டுக் கம்பி அறுந்து கெடந்தா, அதை மிதிக்கப் போறவனைத்தான் கூப்பிட்டுச் சொல்லுவோம். எதிர் மாடியில நின்னு வேடிக்கை பாக்குறவன்கிட்டயா போய்ச் சொல்லுவோம்?”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் பேசி அந்தக் கடை கேட்டதில்லை. செங்கமலத்துக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவளும் வெண்ணிக்காட்டுக்காரிதானே.

வீட்டுக்குப் போய்க் கதையில் ஒரு தூதனைச் சேர்த்தாள். அவன் ஓடி வந்து, “இளவரசே, ஆற்றங்கரைக்குப் போனால் தங்கள் மார்பில் அம்பு பாயும்” என்று எச்சரித்தான். இந்தக் கதையிலேயே புத்தியுள்ளவன் வேல்மாறன் ஒருவன்தான். “அப்படியா, நல்லவேளை சொன்னாய்” என்று கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

செங்கமலம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடி பேட்டரிக் கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, ஆளு கட்டிலை விட்டு நகர மாட்டேங்குறான்.”

“அவன் வரலைன்னா எதிரியை அங்க அனுப்பும்மா.”

“எதிரி காரிமலையானுக்கும் சண்டையில கை வெட்டுப்படுதே?”

“ரத்தம் வருமா?” என்று கேட்டார் வசுமதி டீச்சர்.

“வரும், டீச்சர்.”

“அப்ப அவனுக்கும் சொல்லிடு. எதிரியா இருந்தாலும் அவனையும் ஒரு தாய்தானே பெத்தா.”

காரிமலையானுக்கும் தூதன் போனான். அவனும் படுத்துவிட்டான். அப்புறம் படைவீரர்கள் இருந்தார்கள். அத்தனை பேரிடமும் ஒரே தூதன் எப்படிப் போய்ச் சொல்வான் என்று செங்கமலம் கையைப் பிசைந்தாள். கலியபெருமாள் பெரிய மனது பண்ணி, கதைக்குத் தன் மைக் செட்டை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். கருங்கோட்டையின் ராஜவீதியில் ஆட்டோ ஒன்று, “அன்பார்ந்த படைவீரர்களே!” என்று அலறிக்கொண்டு போனது. படை மொத்தமும் வேல்களைக் கீழே போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

சண்டைதான் இல்லை, காதலாவது இருக்கட்டும் என்று செங்கமலம் கதாநாயகி அல்லிமொழியை வரவழைத்தாள். அல்லிமொழி கட்டிலருகே வந்து வேல்மாறன் கையைப் பிடித்தாள்.

“நிறுத்து, நிறுத்து!” என்றார் வசுமதி டீச்சர். “ரெண்டாவது விதி என்ன சொல்லுது? காதல் காட்சியில சம்மதம் இருக்கணும்.”

“அவளுக்குச் சம்மதம்தான் டீச்சர். அவளாத்தான் வந்தா.”

“அவ சம்மதிச்சா ஆச்சா? பெத்தவங்க சம்மதம்?”

தொடரில் அல்லிமொழிக்குப் பெற்றோரே கிடையாது. செங்கமலம் மெனக்கெட்டு ஓர் அப்பாவையும் அம்மாவையும் படைத்துப் பெண் வீட்டாராக அனுப்பி வைத்தாள். வந்தவர்கள் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். படுத்திருக்கிறார் என்று பதில் வந்தது. காப்பியைக்கூடத் தொடாமல் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கதை குழுவில் வெளியானது. அதில் வேல்மாறன் படுத்திருந்தான், எழுந்தான், சாப்பிட்டான், படுத்தான். வழக்கம்போல ‘அருமை’கள் குவிந்தன. செங்கமலம் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டாள். அவன் முதல் தடவை படுத்த இடத்தைத் தாண்டி யாரும் போகவில்லை. ஜாக்கெட்டுகளை மடித்துவைத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்தினாள். அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு.

மறுநாள் அட்மின்களுக்குப் புகார் ஒன்று போனது. கதையில் ஏதாவது நடக்கும் என்று நம்பி ஏமாந்ததில் மனம் புண்பட்டுவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

“புண்பட்டுட்டுன்னா எச்சரிக்கை போட்டுத்தான் ஆகணும்,” என்றார் சவுந்தரராசு. “இந்தக் கதையில் ஒன்றும் நடக்காதுன்னு போடும்மா.”

“யாருக்கு அண்ணே?”

“இதென்ன கேள்வி? நாம எப்பவும் யாருக்குச் சொல்லுவோம்?”

தூதன் மறுபடி ஓடினான். “இளவரசே, தங்களுக்கு இந்தக் கதையில் ஒன்றும் நடக்காது!” என்றான்.

அதைக் கேட்டதுதான் தாமதம், வேல்மாறன் துள்ளி எழுந்தான். ஒன்றும் நடக்காது என்று எழுதுகிறவளே சொல்லி அனுப்பிய பிறகு என்ன பயம்? கவசத்தைக்கூட எடுக்காமல் குதிரை மேல் தாவினான். நாள் கணக்கில் லாயத்தில் கட்டிக்கிடந்த குதிரை, காற்றைக் கண்டதும் பிய்த்துக்கொண்டு ஓடியது. மதகு பக்கம் ஒரே தாவு. குதிரை அந்தக் கரைக்குப் போனது. வேல்மாறன் போகவில்லை. செங்கமலம் எழுத எழுதக் கை தானாக ஓடியது. தண்ணீரில் அவன் தலைப்பாகை மட்டும் மிதந்துபோகும் இடத்தில் அவள் விம்மி விம்மி அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம்.

முடிவை அட்மின்களிடம் அவளே போய்ச் சொன்னாள். எச்சரிக்கை இல்லாமல் ஒரு சாவு! பேட்டரிக் கடையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். விதியை மீறியவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்பது கடைசி விதி. மீறியது யார்?

“நான் நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்,” என்றாள் செங்கமலம்.

“நாங்க விதியில இருக்கிறதைத்தான் சொன்னோம்,” என்றார் டீச்சர்.

“தூதன் சொன்னதை ஒழுங்காச் சொல்லிட்டான். வேல்மாறன் செத்தே போயிட்டான், அவனைக் குத்தம் சொல்றது பாவம்,” என்றார் கலியபெருமாள். “பாக்கி இருக்கிறது குதிரை.”

ஏகமனதாகக் குதிரையை நீக்குவது என்று தீர்மானமாயிற்று. சவுந்தரராசு போனை எடுத்து உறுப்பினர் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தேடினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தேடினார்.

“குதிரை குழுவுல இல்லியே.”

“அப்ப எப்படி நீக்குறது?”

நெடுநேர யோசனைக்குப் பிறகு, முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் நீக்கலாம் என்று வழி கண்டுபிடித்தார்கள். கலியபெருமாளிடம் சும்மா கிடந்த ஒரு நம்பரைக் குதிரை பெயருக்கு மாற்றி, கோயில் குதிரை வாகனத்தின் படத்தை வைத்துக் குழுவில் சேர்த்தார்கள். விவரம் தெரியாத உறுப்பினர்கள் ‘வருக வருக’ என்று பூங்கொத்து அனுப்பினார்கள்.

“இருங்க,” என்றார் வசுமதி டீச்சர். “விளக்கம் கேக்காம யாரையும் நீக்கக் கூடாது. என்ன குத்தம்னு தெரிஞ்சாத்தானே அது விளக்கம் சொல்லும்? கதையை அது முழுசாப் படிக்கணும்.”

நம்பர் கலியபெருமாளுடையது என்பதால், குதிரை சார்பில் அவர்தான் படித்தாக வேண்டும். செங்கமலம் கடையின் ஓரத்தில் நின்று அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வேல்மாறன் படுத்த இடங்களில் அவர் கொட்டாவி விட்டார்தான், ஆனால் தாண்டிப் போகவில்லை. ஆட்டோ வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதகுக்கு வந்தபோது உதடு துடித்தது. தலைப்பாகை மிதந்தபோது துண்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

“கடைசிவரைக்கும் படிச்சீங்களாண்ணே?” என்றாள் செங்கமலம்.

“படிச்சேம்மா. கடைசிப் புள்ளிவரைக்கும்.”

“எப்படி இருந்துச்சு?”

கலியபெருமாள் வாயைத் திறந்தார். பிறகு சந்தேகத்தோடு சவுந்தரராசுவைப் பார்த்தார். “நான் கலியபெருமாளாச் சொல்லணுமா, குதிரையாச் சொல்லணுமா?”

“படிச்சது யாரு?”

“குதிரை.”

“அப்ப அதுதானே சொல்லணும்? குழுவுல குரல் பதிவாப் போட்டுடுங்க.”

கலியபெருமாள் போனை வாயருகே பிடித்து, கண்ணை மூடி, இரண்டு தடவை கனைத்தார். மைக் செட்காரர் அல்லவா, கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. சவுந்தரராசு அந்த விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திருப்தி இல்லை என்று குதிரையை நீக்கினார். குழுவில் தமிழ் தவிர வேறு மொழியில் கருத்துச் சொல்லக் கூடாது என்று டீச்சர் நினைவூட்டியதால், அந்தக் கனைப்பையும் அழித்தார்.

அதற்குள் செங்கமலம் அதைத் தன் போனில் சேமித்துவிட்டாள். இப்போதெல்லாம் அளவு கொடுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தன் கதைக்கு வந்த விமரிசனத்தை முதலில் போட்டுக் காட்டுகிறாள்.

“என்னக்கா சொல்லுது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மொதக் கனைப்பு முழுக்கப் பாராட்டு,” என்றாள் செங்கமலம். “ரெண்டாவதுல கொஞ்சம் குறை சொல்லுது. அதுவும் நியாயம்தான், அடுத்த கதையில திருத்திக்கிறேன்னு பதில் அனுப்பியிருக்கேன்.”