மிதிபடாத நாற்பது கோலங்கள்

"அவையில நீங்க சொல்ற யோசனையில பாதி என்னோடது. ராஜாகிட்ட என்னைக்காவது சொல்லுவீங்களா?" கல்யாணமான புதிதில் செண்பகவடிவு கேட்டாள்.

"நல்ல நாளாப் பார்த்துச் சொல்றேன்," என்றான் விகடகவி நல்லாண்டான்.

ராஜா நினைத்த மறுநாளே மாளிகை எழும்பிய காலம் அது. ஆனாலும் அந்த நல்ல நாள் மட்டும் பன்னிரண்டு வருடமாக வரவில்லை.

ஒருநாள் அமைச்சர் விருத்தகிரி, "மன்னா, அலுவலர்களுக்கு இன்னும் நாற்பது அறைகள் வேண்டும். நெசவாளர் தெருவை இடித்துக் கட்டலாம்," என்றார். நல்லாண்டான் வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது.

"இடிக்காமல் முடியாதா?" என்று மன்னர் கேட்டார்.

"விகடகவியைக் கேளுங்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் ஏழு நாளில் நாற்பது அறை தருவார். தராவிட்டால் பதவியை விடட்டும்!"

மன்னருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்ட செண்பகவடிவு, "இருக்கிற அறைக்குள்ள யாராவது போறாங்களான்னு பார்த்தீங்களா?" என்றாள். "எல்லா வாசல்லயும் படியை அடைச்சுக் கோலம் போடுறேன். மிதிக்காம உள்ள போக முடியாது. அரிசிமாவு வேண்டாங்க, எறும்பு கணக்கைக் கெடுத்துடும். வெள்ளைக்கல் மாவு போதும்."

அரண்மனையின் நூற்றெட்டு அலுவல் அறைகளுக்கும் தெருப் பெண்களோடு போய்க் கோலமிட்டாள். ஏதோ பூசை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கலைந்த கோலத்தைத் தினமும் புதிதாகப் போட்டு, எந்த வாசல், எத்தனை நாள் என்று ஓலையில் குறித்தாள்.

ஏழாம் நாள் நல்லாண்டான் மன்னரையும் அமைச்சரையும் அழைத்துக்கொண்டு வாசல் வாசலாக நடந்தான். முதன்முதலில் போட்ட கோலம் நாற்பது வாசல்களில் அப்படியே இருந்தது.

"அமைச்சரே, உங்களுக்கு எத்தனை அறை?" என்று நல்லாண்டான் கேட்டான்.

"ஐந்து. ஐந்திலும் ஓயாத வேலை!"

"நான்கில் கோலம் கலையவில்லையே! உங்கள் ஆட்கள் பறந்தா உள்ளே போகிறார்கள்?"

மன்னர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாற்பது அறை கிடைத்துவிட்டது. நெசவாளர் தெருவை யாரும் தொடக்கூடாது! உமக்கு என்ன வேண்டும், கேளும்!"

கைவிரல்களில் வெள்ளை மாவோடு பெண்களுக்கு நடுவே செண்பகவடிவு நின்றிருந்தாள். நல்லாண்டான் தலை நிமிர்ந்தது.

"கோலம் போட்டதும் கணக்கெடுத்ததும் என் மனைவி, மன்னா. இத்தனை வருடம் நீங்கள் சிரித்ததில் பாதி அவளுடைய யோசனை. உங்கள் அவையில் அவளுக்கு ஓர் இருக்கை வேண்டும்."