ஏரிக்கரையின் கீழறை

ஏரிக்கரையில் ஒரு கருவேல மரம். அதன் வேரடியில் ஒரே பெரிய வளை. வயலெலி, கட்டெறும்பு, அரணை, குளவி என்று எல்லாக் கூட்டமும் அதற்குள்தான் ஒண்டிக் கிடந்தன. போன மழையில் ஏரி ததும்பி, ஒரு ஓட்டை வழியாக வந்த தண்ணீர் வளை முழுவதையும் நிரப்பிவிட்டது. பாதிப் பேர் செத்தார்கள். மிச்சம் பேர் மரமேறிப் பிழைத்தார்கள்.

வெயில் வந்ததும் கூடிப் பேசினார்கள்.

"இனிமே ஒரே வளையா வெட்டக் கூடாது. அறை அறையா பிரிச்சுக் கட்டணும்" என்றது அரணை.

எல்லாத் தலையும் ஆடியது. மறுத்து ஒரு வார்த்தை இல்லை. அங்கேதான் வந்தது வினை. ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒவ்வொரு வீடு இருந்தது, அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"நான் எத்தனை நாளா சொல்றேன்" என்றது குளவி. "எல்லா அறையும் ஒரே அளவு, ஒரே அச்சு. ஒண்ணு இடிஞ்சா அதே மாதிரி இன்னொண்ணு பூசிடலாம். எது போச்சுன்னே தெரியாது."

"அளவு கிடக்குது போங்க" என்றது எறும்பு. "ஒரு அறைக்கு ஒரு வேலை, அதுதான் முக்கியம். தானியம் ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம், குஞ்சு குளுவான் ஒரு பக்கம். ஒருத்தர் வேலைக்குள்ள இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது."

அரணை வாலை ஆட்டிக் காட்டியது. "இதைப் பாருங்க. பூனை பிடிச்சா இதைக் கழற்றிப் போட்டுட்டு ஓடிடுவேன். உயிர் மிச்சம். வீடும் அப்படி இருக்கணும். ஒவ்வொரு அறை வாசல்லயும் ஒரு அடைப்பு போடுவோம்."

சடைச்சி என்ற வயலெலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். தனி அறை என்றால் பிள்ளைகளை யாரும் மிதிக்க மாட்டார்கள். அடைப்பு இருந்தால் பாம்பு நுழையாது. அவள் மனசுக்குள் ஓடியது அவ்வளவுதான்.

"அடைப்பு கட்டாயம் வேணும் அண்ணே. நல்ல யோசனை" என்றாள்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளும் மண் சுமந்தாள். பிள்ளைகளுக்கென்று எறும்பு ஒதுக்கியது எல்லாவற்றுக்கும் கீழே, ஏரிப் பக்கமாக இருந்த அறை. மண் அங்கேதான் மெத்தென்று இருக்கிறதாம். குளவி சுவர் பூசியது. அரணை ஒரு தட்டைக் கல்லை உருட்டி வந்து அறைக்கு வெளியே சாய்த்து வைத்தது.

உள்ளே இருந்து சாத்த முடியாதே என்று சடைச்சிக்கு ஒரு கணம் உறைத்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலு குஞ்சுகள் பிறந்தன. கண் திறக்காத, ரோஜா நிறக் குஞ்சுகள். பின்னாலேயே மழையும் வந்தது.

சடைச்சி மேலே தானிய அறையில் நெல் கொறித்துக்கொண்டிருந்தாள். கீழே தடதடவென்று சத்தம். விழுந்தடித்து ஓடினாள். வாசல் அடைத்திருந்தது. கல்லின் மேல் அரணை ஏறி நின்றது. குளவி இடுக்கெல்லாம் சேறு அப்பிக்கொண்டிருந்தது.

"என்ன செய்றீங்க? உள்ள என் பிள்ளைங்க இருக்கு!"

"ஏரிப் பக்கச் சுவர் விரிஞ்சு தண்ணி கசியுது" என்றது அரணை.

"கசியத்தானே செய்யுது? கொஞ்சம் நகருங்க அண்ணே. கழுத்தைக் கவ்வி ஒவ்வொண்ணா வெளிய போட்டுர்றேன்."

"வாலை விடுற நேரத்துல யோசிக்க முடியாது, சடைச்சி. திறந்தா எல்லாரும் போயிடுவோம்."

அவள் எறும்பின் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"அடைப்பு என் வேலையில்லையே" என்றது எறும்பு.

சடைச்சி கல்லைப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் கீச்சுக் கீச்சென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு குஞ்சுகளையும் நிதானமாகத் தூக்கி வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மழை விட்டது. மறுபடி கூட்டம் போட்டார்கள். ஒரே பாராட்டு.

"ஒரு வேலையும் நிக்கலை. ஒரு நெல்மணி நனையலை" என்றது எறும்பு.

"போனது ஒரு அறைதானே? சாயங்காலத்துக்குள்ள அதே மாதிரி பூசிடுவேன்" என்றது குளவி.

"வால் போனா முளைச்சுக்கும்" என்றது அரணை.

"எனக்கு எது அண்ணே முளைச்சுது?" என்று கேட்டாள் சடைச்சி.

எறும்புக்குத் திடீரென்று குப்பை அறையில் வேலை வந்துவிட்டது.

அவள் போய்விட்டிருக்கலாம். எங்கே போவது? வெளியே பருந்து, பாம்பு, அடுத்த மழை. அங்கேயே கிடந்தாள். மறுபடியும் வயிறு கனத்தது.

அந்தச் சமயத்தில் ஒரு மூஞ்சூறு அடைக்கலம் கேட்டு வந்தது. அதுவும் பிள்ளைத்தாய்ச்சிதான். யாருக்கு எந்த அறை என்று பேச எறும்பு எல்லாரையும் கூட்டியது.

அந்தக் கீழறையே வேண்டாம், இல்லாவிட்டால் அடைக்கும் முன்னால் உள்ளே இருப்பவரை எடுத்தாக வேண்டும் என்று சட்டம் போடுங்கள். இதைச் சொல்லத்தான் சடைச்சி மனசுக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் துரத்தினாலும் துரத்துவார்கள். வயிற்றுக்குள் குஞ்சுகள் புரண்டன.

"இந்தத் தடவை எனக்கு மேலறை வேணும்" என்றாள்.

"தாராளமா எடுத்துக்க" என்றது எறும்பு. "அப்ப கீழறைக்கு யாரு?"

சடைச்சி தரையைப் பார்த்தாள். "அதான் புதுசா ஒருத்தி வந்திருக்காளே."

மூஞ்சூறைக் கீழே கூட்டிப் போய் விட்டவளும் அவள்தான். புதுச் சுவரில் இன்னும் ஏரி ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. மூஞ்சூறு சுற்றுமுற்றும் பார்த்து, சுவரை முகர்ந்து பார்த்தது.

"ஏரி இவ்வளவு கிட்டக்க இருக்கே அக்கா. தண்ணி வந்துட்டா?"

சடைச்சி அதன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பயப்படாதம்மா. தண்ணி வந்தா உடனே அடைச்சிருவாங்க."

"அப்பாடா" என்று மூஞ்சூறு வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்தது.

அநியாயத்தில் அடிபட்டவர் அதை மாற்றாமல் தம் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டால், அந்த அநியாயத்துக்கு ஆள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.